எதிர்க்கரையில் பிறந்தவள்

இளையோருக்கான மிகுபுனைவுத் தொடர்களில் இரண்டாம் நூலுக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான். முதல் நூலில் வாசகர் மனத்தில் இடம்பிடித்த நாயகனை மறுபடி அழைத்து வந்து, முன்னைவிடப் பெரிய எதிரி ஒருவனை அவன் முன்னே நிறுத்த வேண்டும். உர்சுலா கே. லெ குவின் தம் எர்த்சீ வரிசையில் அதைச் செய்யவில்லை. இரண்டாம் நூலான ‘த டூம்ஸ் ஆஃப் அட்டுவான்’ பன்னிரண்டு அத்தியாயங்கள் கொண்டது. ஐந்தாவது அத்தியாயம்வரை முதல் நூலின் நாயகன் கெட் தலைகாட்டுவதே இல்லை. வரும்போதும் பெயர் தெரியாத அந்நியனாக, திருட வந்தவனாக, வெளிச்சமே படக் கூடாத இடத்தில் விளக்கேற்றித் தீட்டு உண்டாக்கியவனாக வருகிறான். அவனைப் பார்க்கும் கண்கள் பகைநாட்டில் பிறந்து வளர்ந்த இளம்பெண் ஒருத்தியுடையவை. நாவல் தொடங்குவதும் முடிவதும் அவளோடுதான்.

எர்த்சீயின் ஆறு நூல்களில் இதுவே துணிச்சல் மிக்கது என்று நினைக்கிறேன். முதல் நூலும் மூன்றாம் நூலும் கடலில் பரந்து செல்பவை. தீவு தீவாகப் பயணம், புயல், டிராகன், மந்திரப் போர். இதுவோ ஒரு மதிலுக்குள், அந்த மதிலுக்கும் கீழே மண்ணுக்குள், ஏறக்குறைய முழுவதும் இருட்டில் நடக்கிறது. காவியம் என்றால் திசைகள் விரிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பை அப்படியே கவிழ்த்து, அடைபட்ட ஓரிடத்தில் ஒரு சிறுமி வளர்வதையே காவியப் பொருளாக்கினார் லெ குவின்.

இந்த வரிசை உருவான கதை நன்கு தெரிந்ததுதான். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 1929இல் பிறந்தவர் லெ குவின். தந்தை ஆல்ஃபிரட் க்ரோபர் அமெரிக்க மானிடவியலின் முன்னோடிகளில் ஒருவர். தாய் தியோடோரா க்ரோபர், யாஹி இனத்தின் கடைசி மனிதராக அறியப்பட்ட இஷியின் வாழ்க்கையை 1961இல் நூலாக எழுதியவர். 1964இல் ‘ஃபென்டாஸ்டிக்’ இதழில் வந்த இரண்டு சிறுகதைகளில் எர்த்சீயின் தீவுகள் முதன்முதலில் தோன்றின. பெர்க்லியில் பர்னாசஸ் பிரஸ் நடத்திவந்த ஹெர்மன் ஷைன், பதின்வயதினருக்காக ஒரு நாவல் எழுதித் தரும்படி அவரைக் கேட்டார். கதைகளில் மந்திரவாதிகள் எல்லாரும் நரைத்த தாடியோடுதான் வருகிறார்கள். அவர்கள் எங்கே கற்றார்கள், சிறுவர்களாக இருந்தபோது என்னவெல்லாம் தவறு செய்திருப்பார்கள் என்ற கேள்வி லெ குவினுக்கு எழுந்தது. அதிலிருந்து 1968இல் ‘எ விஸார்ட் ஆஃப் எர்த்சீ’ வந்தது. இரண்டாம் நூல் 1970இல் ‘வேர்ல்ட்ஸ் ஆஃப் ஃபேன்டஸி’ என்ற இதழில் வெளியாகி, அடுத்த ஆண்டு அத்தீனியம் பதிப்பாக நூலுருவம் பெற்றது. 1972இல் நியூபெரி விருதுக் குழு அதற்குச் சிறப்புப் பாராட்டு அளித்தது. கதையின் நிலப்பரப்பை லெ குவின் கண்டெடுத்தது கிழக்கு ஒரிகனின் பாலைநிலத்தில். குடும்பத்தோடு அங்கே மேற்கொண்ட ஒரு சிறு பயணம்தான் அந்த நாவலைத் தந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். கடல் சூழ்ந்த கற்பனை உலகுக்குள் இப்படித்தான் தண்ணீரற்ற மேட்டுநிலம் ஒன்று புகுந்தது.

கதைக்கு வருவோம். கார்கட் நாடு நான்கு தீவுகளால் ஆனது. அட்டுவான் அவற்றில் ஒன்று. அங்கே பாலைவெளியில் ஒன்பது கருங்கற்கள் கல்லறைகளாக நிற்கின்றன. அவற்றின் அடியில் ‘பெயரற்றவர்கள்’ எனப்படும் ஆதி சக்திகள் உறைகின்றன. அவற்றுக்குப் பணிசெய்யும் தலைமைப் பூசாரிணி இறப்பதே இல்லை என்பது நம்பிக்கை. உடல் போகும், அதே இரவில் பிறந்த பெண்குழந்தை ஒன்றில் அவள் திரும்பி வருவாள். அப்படித் தேடிக் கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைதான் டெனார். ஐந்து வயதில் அவளைப் பெற்றோரிடமிருந்து கொண்டுபோகிறார்கள். ஆறு வயதில் ஒரு சடங்கு. படிக்கட்டில் மண்டியிட்டிருக்கும் குழந்தையின் கழுத்துக்கு மேலே முகமூடியணிந்த ஒருவன் வாளை ஓங்குகிறான். கறுப்பு உடையில் இருக்கும் இன்னோர் உருவம் அதைத் தடுக்கிறது. அந்தக் கணத்திலிருந்து அவளுக்குப் பெயர் கிடையாது. ஆர்ஹா, அதாவது உண்ணப்பட்டவள் என்றே அழைக்கப்படுவாள்.

மானிடவியலாளரின் மகள் எழுதியது என்பது இந்தப் பக்கங்களில் துலக்கமாகத் தெரிகிறது. மறைந்த குருவின் மறுபிறவியாகக் குழந்தையைத் தேடிக் கண்டெடுக்கும் வழக்கம் திபெத்தில் உண்டு. சிறுமியைத் தெய்வமாக இருத்தி வணங்கும் குமாரி வழிபாடு காட்மாண்டு பள்ளத்தாக்கில் இன்றும் நடக்கிறது. அட்டுவானின் சமயம் இவற்றில் எதற்கும் நகலில்லை. ஆனால் ஒரு சமயம் நாள்தோறும் எப்படி இயங்கும், யார் சமைப்பார்கள், யார் நெசவு செய்வார்கள், ஆண்டுக்கொருமுறை என்ன பலி, அரசு அந்தக் கோவிலை எப்படித் தன் பிடிக்குள் கொண்டுவரும் என்பவை எல்லாம் களஆய்வுக் குறிப்பின் நிதானத்தோடு வருகின்றன. ‘தெய்வ மன்னன்’ என்று தன்னை அழைத்துக்கொள்ளும் புதிய அரசபரம்பரைக்குப் பழைய கல்லறைகளால் இனி பயனில்லை. காணிக்கை குறைந்துவிட்டது. கூரை ஒழுகுகிறது. பெரும் அதிகாரம் உடையவள் என்று சொல்லப்படும் சிறுமி, உண்மையில் அரசியல் கைவிட்ட ஒரு வழிபாட்டின் மிச்சத்துக்குத்தான் தலைவி. இந்த நுட்பம் இளையோர் நாவல்களில் அரிது. தீய சமயம் என்றால் அது செல்வாக்கின் உச்சியில் இருந்தாக வேண்டும் என்று நினைக்கும் எழுத்தாளர்கள், நலிந்த சமயத்துக்குள் ஒரு மனுஷி எப்படிச் சிறைப்படுவாள் என்று யோசிப்பதில்லை.

டெனாரைச் சுற்றியிருப்பவர்கள் சிலர்தான். ஆனால் ஒவ்வொருவரும் நம்பிக்கையின் ஒரு நிலையைக் காட்டுகிறார்கள். மூத்த பூசாரிணி தார் கடுமையானவள், ஆனால் நேர்மையானவள். நம்புகிறாள், நம்புவதைச் செய்கிறாள். நிலத்தடிப் புதிர்ப்பாதையில் பெரும் கருவூலத்துக்குச் செல்லும் வழியை அவள் ஆர்ஹாவுக்கு வாய்மொழியாகவே கற்றுத்தருகிறாள், ஏனெனில் கார்கட் மக்களுக்கு எழுத்தே ஒரு சூனியம். கொசில் தெய்வ மன்னனின் பூசாரிணி. அவளுக்கு எதன்மீதும் நம்பிக்கை கிடையாது, அதிகாரம் ஒன்றைத் தவிர. பென்தே ஆப்பிளை விரும்பித் தின்னும் குண்டுப் பெண். தெய்வ மன்னனும் ஒரு மனிதன்தானே என்று போகிறபோக்கில் சொல்லிவிடுகிறாள். அவள் சொன்னதில் ஆர்ஹாவின் காலடி நிலம் அசைகிறது. தெய்வங்களை அஞ்சாமல் ஒருத்தி இயல்பாக உண்டு உறங்க முடியும் என்பதே அவளுக்குப் புதிய செய்தி. பிறகு மனான் என்ற அண்ணகன். சிறுமியை வளர்த்தவன், தளராத அன்புடையவன். அந்த அன்பு அவளைச் சிறையிலிருந்து விடுவிக்க ஒருபோதும் உதவாது என்பதுதான் கொடுமை. சிறையைக் காப்பதும் அவளைக் காப்பதும் அவனுக்கு ஒன்றே. அவள் தப்பிக்கும் வேளையில் அவன் கெட்டைத் தாக்கப் பாய்ந்து பாழ்குழியில் விழுந்து இறக்கிறான். அவளை நேசித்த ஒரே உயிர் அவளுடைய விடுதலையின் விலையாகப் போகிறது. லெ குவின் அதற்கு ஆறுதல் எதுவும் எழுதவில்லை.

நாவலின் மையம் என்று நான் கருதுவது மூன்றாம் அத்தியாயம். தெய்வ மன்னனுக்கு எதிராகச் சதி செய்த மூன்று கைதிகள் அனுப்பப்படுகிறார்கள். கல்லறைகளுக்குக் கீழே நிலவறையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருக்கும் அவர்களை எப்படிக் கொல்வது என்று ஆர்ஹா தீர்மானிக்க வேண்டும். அவளுக்கு வயது ஏறத்தாழ பதினைந்து. உணவோ தண்ணீரோ கொடுக்க வேண்டாம், வெளிச்சத்தையும் எடுத்துவிடுங்கள் என்று அவள் கட்டளையிடுகிறாள். அவர்கள் சாகிறார்கள். அதன்பின் அவளுக்குக் காய்ச்சல். கனவில் பித்தளைப் பாத்திரம் நிறையத் தண்ணீரை இருட்டில் தாகத்தோடு இருக்கும் யாருக்கோ சுமந்துகொண்டு போகிறாள், போய்ச் சேரவே முடியவில்லை. நாயகி கொலை செய்தவள். தற்செயலாகவோ தற்காப்பாகவோ அல்ல, தன் வாயால் ஆணையிட்டு, மிகக் கொடிய முறையில். 1971இல் சிறுவர் பிரிவில் வெளியான ஒரு நூல் இதைச் செய்தது. அவளைக் கட்டாயப்படுத்தினார்கள், அவள் அறியாதவள் என்ற சமாதானங்கள் கதைக்குள் இருக்கின்றன. அவற்றில் எதையும் அவள் பிற்பாடு தனக்காக எடுத்துக்கொள்வதில்லை. கடைசி அத்தியாயத்தில், படகில், ஆளற்ற ஒரு தீவில் தன்னை இறக்கிவிடும்படி அவள் கேட்பது இந்த மூவருக்காகத்தான்.

பின்னால் கெட் புதிர்ப்பாதைக்குள் சிக்கித் தாகத்தால் வாடும்போது அவள் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். கனவில் முடியாதது நனவில் முடிகிறது. லெ குவின் இந்தத் தொடர்பை எங்கும் சுட்டிக்காட்டுவதில்லை. வாசகரை நம்பி விட்டுவிடுகிறார். அவள் கெட்மீது கொண்ட ஆர்வம், தனிமை, அந்நியனிடம் கதை கேட்கும் ஆசை எல்லாம் உண்மை. ஆனாலும் அவள் கையில் இருந்த அந்தத் தண்ணீருக்கு முதல் காரணம் அந்த மூவர்.

இந்த நாவல்மீது நீண்டகாலமாக வைக்கப்படும் குற்றச்சாட்டு ஒன்றை இங்கே எதிர்கொள்ள வேண்டும். ஒரு பெண்ணின் கதை, கடைசியில் ஓர் ஆண் வந்து காப்பாற்றும் கதையாக முடிகிறதே என்பது அது. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகவே படும். கெட்தான் அவளுடைய இயற்பெயரைத் திருப்பித் தருகிறான். இருண்ட சக்திகளின் சினத்தைத் தன் மந்திரத்தால் தாங்கி நிற்பவனும் அவன்தான். ஆனால் நிகழ்வுகளை வரிசையாகப் பாருங்கள். எதைத் தேடி வந்தானோ, அதாவது எரெத்-அக்பே என்ற பழைய வீரனின் உடைந்த கைவளையத்தின் மறுபாதி, அது கருவூலத்தில் இருக்கிறது. கருவூலத்துக்கு வழி அவளுக்குத்தான் தெரியும். கதவுகளின் சாவிகள் அவள் இடுப்பில். அவனைப் பூட்டி வைத்ததும் அவள். சாகவிடாமல் வைத்திருந்ததும் அவள். உள்ளே வந்தவனுடைய ஆற்றலெல்லாம் அந்தச் சக்திகளிடமிருந்து தன்னை மறைத்துக்கொள்வதிலேயே தீர்ந்துபோகிறது. ஒருவரை ஒருவர் நம்பாமல் இருவரில் எவரும் வெளியேற முடியாது என்பதே கதையின் கட்டமைப்பு.

அவளுடைய திறமை எத்தகையது என்பதையும் விமர்சகர்கள் கவனித்திருக்கலாம். நிலவறையில் வெளிச்சம் தடை. எனவே ஆர்ஹா தொட்டுத் தொட்டுத்தான் அதைக் கற்கிறாள். கல்லின் ஈரம், காற்று வரும் திசை, இடப்பக்கம் எத்தனை திருப்பம், வலப்பக்கம் எத்தனை திறப்பு. நாவலின் நடுப்பகுதி விரல்நுனிகளால் எழுதப்பட்டது போலிருக்கும். மந்திரப் பள்ளியில் படித்துப் பட்டம் பெற்ற கெட்டுக்கு இல்லாத அறிவு இது. அவனுடைய கல்வி பொருள்களின் மெய்ப்பெயர்களை அறிவது. பெயரே இல்லாத சக்திகளின் இடத்தில் அந்தக் கல்வி பாதிதான் பயன்படும். எனக்கு இந்தப் பகுதியில் உள்ள பெருமிதம் மிகவும் பிடிக்கும். தன் இருட்டை முழுதாக அறிந்தவள் என்ற பெருமிதம் அவளுக்கு நிஜமாகவே இருக்கிறது. அவளை அடக்கிய அதே இடம் அவளுக்குக் கொடுத்த ஒரே சொத்து அது. வெளியேறும்போது அதையும் இழக்கிறாள் என்பதால்தான் விடுதலை அவளுக்கு அவ்வளவு வலிக்கிறது.

பிந்தைய நாள்களில் லெ குவின் இதைப் பற்றிப் பேசியபோது, அந்தக் காலத்தில் வீரகாவிய மரபில் தன்னந்தனியாக நின்று வெல்லும் பெண்ணுக்கு முன்மாதிரி தமக்குக் கிடைக்கவில்லை என்பதை மறைக்கவில்லை. முன்மாதிரி இல்லாத இடத்தில் அவர் பொய்யான வீராங்கனை ஒருத்தியைச் செய்யவில்லை என்பதை நான் மதிக்கிறேன். வாள் எடுத்துக் கொசிலைக் கொன்று வெளியேறும் டெனாரை எழுதுவது எளிது. அப்படி எழுதியிருந்தால், அறுதி அதிகாரம் கொடுக்கப்பட்டும் எதையும் தீர்மானிக்க முடியாதவளாக அவள் இருந்தாள் என்ற உண்மை காணாமல் போயிருக்கும். பெண்ணுக்கு அதிகாரம் தந்ததாகச் சொல்லி அவளையே விழுங்கிவிடும் அமைப்புகளைப் பற்றி இதைவிடத் தெளிவாகப் பேசும் இளையோர் நாவலை நான் படித்ததில்லை.

தப்பித்த பிறகு வரும் இரண்டு அத்தியாயங்களும் அசாதாரணமானவை. நிலநடுக்கத்தில் கல்லறைகள் இடிந்துவிட்டன. மலை தாண்டிக் கடற்கரைக்கு வந்தாயிற்று. பெரும்பாலான ஆசிரியர்கள் இங்கே வேகமாக ஊர் திரும்புவார்கள். டெனாரோ கத்தியை எடுத்துக்கொண்டு, கடலைப் பார்த்து ஆழ்ந்த மோனத்தில் அமர்ந்திருக்கும் கெட்டைக் கொல்லப் போகிறாள். பயனற்ற ஒன்றுக்காகத் தன் பிள்ளைப்பருவம் முழுவதும் வீணானதை அவள் உணர்ந்து அழுவது அதற்குப் பிறகுதான். சுதந்திரம் அவளுக்குப் பரிசாக வரவில்லை, சுமையாக வருகிறது. பதினைந்து பதினாறு வயது வாசகருக்கு இதைச் சொல்ல ஓர் எழுத்தாளருக்கு எவ்வளவு மரியாதை வேண்டும்! இளையோர் என்றால் ஊக்கப்படுத்தினால் போதும் என்ற எண்ணம் அவரிடம் இல்லை.

நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த நூலைக் கடக்க முடியாது. எர்த்சீயில் கெட்டும் அவன் நாட்டாரும் செம்பழுப்பு நிறத்தவர். அவனுடைய நண்பன் வெட்ச் கறுப்பு. முதல் நூலில் கப்பலேறிக் கொள்ளையடிக்க வரும் காட்டுமிராண்டிகளாகத் தோன்றும் கார்கட் நாட்டவரான கார்குகள்தான் வெள்ளைத் தோலினர். லெ குவின் இதை வேண்டுமென்றே செய்தார், சத்தமில்லாமல் செய்தார். வாசகர் நாயகனோடு ஒன்றிப்போன பிறகே அவன் நிறம் மெல்லத் தெரியவரும். இரண்டாம் நூல் அதற்கு அடுத்த அடி. முதல் நூலில் முகமற்ற கும்பலாக வந்தவர்களின் வீட்டுக்குள்ளே போய், அந்தக் கும்பலில் ஒரு குழந்தையை எடுத்து, அதன் தாய் தந்தையைக் காட்டித் தொடங்குகிறது. கறுத்த முகமும் கன்னத்தில் தழும்புகளும் கொண்ட கெட் இப்போது விசித்திரமானவன். 2004 டிசம்பரில் அமெரிக்காவின் சை ஃபை தொலைக்காட்சி முதல் இரண்டு நாவல்களையும் கலந்து ஒரு குறுந்தொடர் எடுத்தபோது கெட் வேடத்தில் வெள்ளை நடிகர் ஒருவரை நடிக்கவைத்தது. லெ குவின் ‘ஸ்லேட்’ இதழில் வெளிப்படையாகக் கண்டித்தார். அவருடைய கோபம் நியாயமானது. நிறங்களை மாற்றிவிட்டால் இரண்டாம் நூலில் யார் பக்கத்திலிருந்து யாரைப் பார்க்கிறோம் என்ற கணக்கே குலைந்துவிடும்.

எதிர்ப்பக்கத்திலிருந்து தொடரும் இந்த உத்தி பிற்காலத்திலும் சிலருக்குக் கைகொடுத்தது. பிலிப் புல்மன் 1997இல் தம் தொடரின் இரண்டாம் நூலான ‘த சட்டில் நைஃப்’ நாவலை முதல் நூலின் நாயகி லைராவிடமிருந்து தொடங்காமல், நம் உலகின் வில் என்ற புதிய சிறுவனிடமிருந்து தொடங்கினார். ஆனால் புல்மனில் லைரா விரைவில் வந்து சேர்ந்துகொள்கிறாள். லெ குவினைப் போல அவ்வளவு நேரம் வாசகரைக் காத்திருக்கவைக்க அதிகம் பேர் துணிவதில்லை.

1972இல் வந்த ‘த ஃபார்தஸ்ட் ஷோர்’ கெட்டின் கதையாகவே நடந்தது. அடுத்த ஆண்டு அதற்குத் தேசியப் புத்தக விருதும் கிடைத்தது. அதில் டெனார் இல்லை. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1990இல், ‘டெஹானு’ நாவலில் அவள் திரும்பி வந்தபோது நடுவயதுக் கைம்பெண். காண்ட் தீவில் ஒரு விவசாயியின் மனைவியாக வாழ்ந்து பிள்ளைகளை வளர்த்து முடித்தவள். பல வாசகர்களுக்கு இது பெரும் ஏமாற்றமாக இருந்தது. ஓகியன் போன்ற மகாமந்திரவாதியின் வீட்டில் தங்கக் கிடைத்தவள் கல்வியை விட்டுவிட்டு அடுப்படியையா தேர்ந்தெடுப்பாள் என்று கேட்டார்கள். என் பார்வையில் அட்டுவானை ஊன்றிப் படித்தவருக்கு இது வியப்பாக இராது. சடங்கும் மேன்மையும் தனிமையும் கலந்த ஒரு பட்டத்தை ஆறு வயதில் அவள்மீது சுமத்தியிருக்கிறார்கள். மந்திரவாதியின் வாழ்வும் தூரத்திலிருந்து பார்த்தால் ஏறக்குறைய அதுவே; துறவு, மறைபொருள், ஆண்களுக்கு மட்டும் திறக்கும் பள்ளி. அவள் சாதாரணமாக வாழ ஆசைப்பட்டாள். அந்தச் சாதாரண வாழ்வுக்குள் எத்தனை வன்முறை இருக்கிறது என்பதைத்தான், எரிக்கப்பட்டுக் கிடந்த ஒரு குழந்தையை அவள் எடுத்து வளர்ப்பதன் வழியே, ‘டெஹானு’ பேசுகிறது. அந்நாவல் நெபுலா விருது பெற்றது.

வரிசையின் கடைசி நாவலான ‘த அதர் விண்ட்’ 2001இல் வந்தபோது அட்டுவான் மேலும் ஒருமுறை புரண்டு படுத்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்த நாவலில், மேற்குத் தீவுகளின் மந்திரவாதிகளைப் பற்றிக் கொசில் இகழ்ச்சியாக ஒன்று சொல்வாள்: அவர்கள் செத்தால் மறுபடி பிறப்பதில்லை, அவர்களுடைய ஆவிகள் காற்றில் சற்று நேரம் அலைந்து அழிந்துபோகும் என்று. படிக்கும்போது அது வெறும் பகைமைப் பேச்சாகத்தான் தோன்றும். கொசில் போன்ற ஒருத்தி சொன்னால் வேறெப்படித் தோன்றும்? கடைசி நாவலில் தெரியவருகிறது, அந்தப் பேச்சின் அடியில் உண்மை இருந்தது. மந்திரவாதிகளின் முன்னோர் சாவை வெல்லும் ஆசையில் டிராகன்களுக்கு உரிய ஒரு வெளியைத் திருடி, அதைச் சுற்றிச் சுவரெழுப்பி, தங்கள் இறந்தோரை நிழல்களாக அங்கே அடைத்துவிட்டார்கள். அந்த மந்திரத்தை ஏற்காத கார்குகள் மட்டும்தான் மற்ற உயிர்களைப் போலச் செத்து, மண்ணாகி, மறுபடி பிறக்கிறார்கள். படிப்பறிவும் மந்திரமும் நிறைந்த நாகரிகம் தவறிழைத்தது. எழுத்தைச் சூனியம் என்று அஞ்சிய நாட்டார் இந்த ஒன்றில் சரியாக இருந்தார்கள். இதை ஹாவ்னர் அரண்மனையில் அறிஞர்களும் அரசனும் கூடிப் பேசிப் புரிந்துகொள்ள முயலும்போது, கார்கட்டிலிருந்து அரசனை மணக்க அனுப்பப்பட்ட இளவரசி செசெராக்கின் மொழி அங்கே யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அவளோடு அமர்ந்து பேசி, அவளுடைய நம்பிக்கைகளைக் கேட்டு மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்பவள் முதுமை எய்திய டெனார். இரண்டு கரைகளிலும் வாழ்ந்தவள் அந்த அரண்மனையில் அவள் ஒருத்திதான்.